மடியில் மருமகள், கையில் ஈ.சி.ஜி.

ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்திருந்தார். என் தங்கை மகள் யாழினி, மொட்டைத் தலையில் பூசிய சந்தனமெல்லாம் என் சட்டையில் ஒட்ட, கோயில் வாசல் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த என் மடியில் கிடந்து வீறிட்டு அழுதாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “முடிஞ்சுச்சு தங்கம், முடிஞ்சுச்சு” என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு காது பாக்கி இருந்தது.

அப்போதுதான் கூட்டத்துக்கு அந்தப் பக்கம், சோடா வண்டி ஓரமாக நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்றால் யாழினியின் அப்பா, என் தங்கை செல்வியின் வீட்டுக்காரர் முருகேசன். கையில் பன்னீர் சோடா. சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே, ஏப்பம் வந்துச்சா?”

“வரலையே.”

“அப்ப இன்னொண்ணு குடி. கேஸுதான் ஏறி நிக்கிது.”

அந்த வெயிலில் எல்லோருக்கும்தான் வேர்த்தது. ஆனால் அவர் வேப்பமர நிழலில், வாடகைக்கு எடுத்த பெரிய மின்விசிறிக்கு நேர் எதிரே நின்றுகொண்டு வேர்த்தார். முகத்தில் சாம்பல் பூத்திருந்தது. இடது கையை உதறினார், தாடையைத் தடவினார், மறுபடி கையை உதறினார். யாரோ ஒருவர் சுளுக்கு என்று முடிவு கட்டி, தோள்பட்டையில் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவனுக்கு அதற்கு மேல் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. நான் உடனே எழுந்தாக வேண்டும்.

எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் சிக்கல். ஏன் கூடாது என்று சொல்வதற்கு, நான் அந்த ஜமுக்காளத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

மாரடைப்புக்காரனை வெயிலில் நிற்க வைத்துவிட்டு இந்த ஆள் கதை அளக்கிறானே என்று திட்டாதீர்கள். மாப்பிள்ளை இன்றைக்கும் குத்துக்கல்லாக இருக்கிறார். இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்கி, தன்னைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். இப்படி முதலிலேயே போட்டு உடைத்துவிட்டீர்களே என்று ஆசிரியர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். போன வாரம் பாம்புக்கடி அத்தியாயத்தைப் பாதியில் நிறுத்தியதற்கு வந்த போன்களையெல்லாம் அவரா எடுத்தார்?

பொதுவாக என்ன பார்ப்பார்?

என் அப்பாவும் அம்மாவும் திருச்சுழிப் பக்கம் மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலிக்குப் போனவர்கள். அந்த வீட்டிலிருந்து ஒருவன் டாக்டருக்குப் படித்தான் என்றால், ஊர் அவனிடம் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். ஊசி. சட்டைப்பையில் ஸ்டெதஸ்கோப் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஊசி போடுவானா, போட்டால் சுருக்கென்று இருக்குமா, அதைத்தான் பார்த்தார்கள்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்து நரிக்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். அப்புறம் மேல்படிப்புக்குப் போய், எம்.டி. பொது மருத்துவம் முடித்துவிட்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அப்பா பெருமையாக டீக்கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே விசாரணை நடந்தது.

“பெரிய படிப்புன்னா, இனிமே ஆப்ரேசன் பண்ணுவாரோ?”

“அது பண்ண மாட்டானாம்.”

“பிரசவம் பாப்பாரா?”

“அதுக்கு லேடி டாக்டரு இருக்காகளாம்.”

“கையி காலு ஒடிஞ்சா?”

“அதுக்கும் வேற ஆளாம்.”

“அப்ப பொதுவா என்னதான்யா பாப்பாரு?”

அப்பா நேராக வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். “மத்த டாக்டருக எல்லாம் இது எங்களுது இல்லன்னு அனுப்பி வைக்கிற ஆளுகளைப் பாப்பேன்” என்றேன். “அதுக்காடா இத்தன வருசம் படிச்ச?” என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அவர் கேட்டதில் தப்பு இல்லை. அறுவை செய்கிறவருக்கு எடுத்துக் காட்ட ஒரு கல்லாவது இருக்கும். பிரசவம் பார்ப்பவருக்குப் பிள்ளை இருக்கும். எங்கள் வேலையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் கிடையாது. கேட்போம், தொட்டுப் பார்ப்போம், மாத்திரை எழுதுவோம், உப்பைக் குறை, பீடியை விடு என்போம். ஆளுக்குக் குணமாகிவிட்டால் குலதெய்வம் காப்பாற்றியது. ஆகாவிட்டால் டாக்டர் சரியில்லை.

ஒரு தடவை சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிய ஒரு பெரியவருக்கு, உட்கார வைத்து வெகுநேரம் எல்லாவற்றையும் விளக்கினேன். சோறு எவ்வளவு, நடை எவ்வளவு, காலில் புண் வந்தால் என்ன செய்வது என்று ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே போய், காத்திருந்த மகனிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. “நல்லாத்தான் பேசுறாரு. வைத்தியந்தான் ஒண்ணும் பாக்கல.”

வேலைக்கு வெளியே

டாக்டருக்கு வேலைக்கு வெளியே ஒரு வாழ்க்கை வேண்டும் என்று என் மனைவி கவிதா சொல்வாள். அவள் விருதுநகரில் வங்கியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் கதவைப் பூட்டினால் வங்கி அங்கேயே நின்றுவிடும். அந்தத் தைரியத்தில் எனக்கு ஒரு பேட்மிண்டன் மட்டை வாங்கிக் கொடுத்து, காலையில் விளையாடப் போங்கள் என்று விரட்டிவிட்டாள்.

போனேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நான் யார் என்று தெரிந்துவிட்டது. எதிரில் நிற்கிற பஞ்சு வியாபாரி பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சார், வெறும் வயித்துல நூத்தி நாப்பதுன்னா கூடவா கொறையவா?” என்பார். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது அடித்துவிடுவார். அந்த ஒரு பருவத்தில் நான் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசியில் மட்டையை வீட்டில் வைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கொண்டு வரச் சொன்னார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார்கள்.

சலூனில் சவரக்கத்தி கழுத்தில் இருக்கும்போது முடிவெட்டுகிறவர் தன் முதுகுவலியைச் சொல்வார். அந்த நேரத்தில் அது ஒன்றுமில்லை என்று சொல்கிற தைரியம் எந்த டாக்டருக்கு உண்டு? மதுரை பஸ்ஸில் கண்ணை மூடினால், பின் சீட்டிலிருந்து எக்ஸ்ரே உறை தோளுக்கு மேலே நீண்டு வரும். கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு நாக்கை நீட்டுவார். சாம்பார் வருவதற்குள் ரசம் போய்விடும்.

சரி, இத்தனை பேருக்கு வேண்டியவனாக இருக்கிறோமே என்று பெருமைப்பட்டால், வீட்டில் வேறு கணக்கு. “நீங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறதப் பாத்தா, வெளியூர் ஸ்பெஷலிஸ்ட் வாரத்துக்கு ஒரு தடவை வர்ற மாதிரி இருக்கு” என்றாள் கவிதா. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

மாலை போடாத மச்சான்

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் அண்ணன் தம்பிதான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, மோதிரம் மாட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவான். மச்சான் போடுகிற மாலைக்கு அவ்வளவு மரியாதை. செல்வி கல்யாணத்தில் முருகேசன் பட்டு வேட்டி சட்டையோடு மண்டப வாசலில் நின்றார். நாதசுரக்காரர் வாசித்து வாசித்து ஓய்ந்தார். மச்சானைக் காணவில்லை.

மச்சான் அப்போது நரிக்குடிப் பக்கம் ஒரு பாம்புக்கடிக்காரரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் ராத்திரி பணி முடித்துக் கிளம்பும் நேரத்தில் கொண்டு வந்து போட்டார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஆளை விட்டுவிட்டு மாலை போடப் போக முடியுமா? போன வார அத்தியாயத்தில் வந்தவர் இவர்தான். பிழைத்துக்கொண்டார். பிழைத்ததோடு நிற்காமல், அடுத்த வருஷம் தன் கல்யாணத்துக்குப் பத்திரிகையும் வைத்தார். அதற்கும் என்னால் போக முடியவில்லை.

எனக்குப் பதிலாகப் பெரியப்பா மகன் மணி மாலையைப் போட்டான். மோதிரத்தையும் அவனே மாட்டினான். அன்றிலிருந்து முருகேசனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை. விரோதம் என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனால் நாற்காலி போடுவார். விறகை எரித்துக் கரியாக்குகிற மூட்டத்திலிருந்து கரி லோடு ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்தால், தன் குட்டியானை மினி லாரியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, செல்வி கொடுத்துவிட்ட கீரையையோ கத்திரிக்காயையோ கவிதாவிடம் கொடுப்பார். நான் எதிரே நின்றாலும், “அவுககிட்டச் சொல்லிருங்க” என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போவார். நான் இரண்டடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் அருப்புக்கோட்டைக்கு வந்தபின் செல்வியின் வளைகாப்பு வந்தது. எங்கள் ஊரில் டெங்குவும் வந்தது. யாழினிக்குப் பெயர் வைத்தபோது மந்திரி வருகை என்று லீவை ரத்து செய்துவிட்டார்கள். மூன்றாவது வயதில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் பார்த்ததும், செல்வி நேராக என் புறநோயாளிப் பிரிவுக்கே வந்துவிட்டாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“என்னம்மா, ஒடம்பு சரியில்லையா?”

“ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அண்ணே, நீ இந்தத் தடவ வர்றியா, இல்லையா?”

“வாரேன்மா. லீவு எழுதிக் குடுத்திட்டேன்.”

“இப்படித்தான் சொல்லுவ. நல்லாக் கேட்டுக்க. தாய்மாமன் மடியிலதான் காது குத்தணும். நீ வரல, மணி அண்ணன் மடியில உக்கார வச்சுருவேன். யாரும் கேட்டா, கூடப்பொறந்தவன் செத்துப் போனான், அதான் பெரியப்பா மகன உக்கார வச்சோம்னு சொல்லிருவேன். சொல்ல மாட்டேன்னு நெனைக்காத.”

வரிசையில் அடுத்து நின்ற அம்மாள், “சொல்லுங்க தாயி, நல்லாச் சொல்லுங்க” என்றார். செல்வியின் கண் கலங்கியிருந்தது. அவள் அப்படிச் சொல்லக்கூடியவள்தான். எழுந்து போய்விட்டாள். அடுத்த அம்மாளின் வயிற்றுவலியை நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. செத்துப் போனவனாக ஆகிவிடுவேனோ என்று நிஜமாகவே பயந்தேன்.

மடி கலையக் கூடாது

ஆகவே போனேன். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பாதையில், வறண்ட கண்மாய்க்கரை ஓரம் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில். சுற்றிலும் சீமைக்கருவேல மரம். பட்டு வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மாலை, கவிதா கையில் சீர்த்தட்டு, முன்னால் மேளம். போனை வண்டியிலேயே வைத்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெருமையாக நடந்ததில்லை.

கோயில் வாசலை அடைவதற்குள் மூட்டுவலி, தலைசுற்றல், ‘கண்ணுல பூச்சி பறக்குது’ என்று வரிசை கட்டிவிட்டார்கள். குழந்தைக்கு மொட்டை அடித்து முடிக்கும் வரை நான் கை பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். நீட்டிய கையில் ஒன்றில்கூடப் பெரிய வியாதி இல்லை. அத்தனை பேரில் என்னிடம் கையை நீட்டாத ஒரே ஆள் முருகேசன். காலையிலிருந்தே நெஞ்சைப் பிசைந்துகொண்டிருந்தாராம். டாக்டர் மச்சானிடம் சொல்லலாமே என்று யாரோ சொன்னதற்கு, “கேஸுக்கெல்லாம் டாக்டரா?” என்று சோடா வண்டிப் பக்கம் போய்விட்டாராம். பேசாத ஆளிடம் நெஞ்சுவலியை எப்படிச் சொல்வது?

இனி அந்த ஒரு காது குத்திய இடத்துக்கு வருவோம். நான் எழுந்திருக்கப் போனதும், மாப்பிள்ளையின் சித்தப்பா சோலைச்சாமி என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“டாக்டரு தம்பி, உக்காருங்க. ஒத்தக் காதோட மடி கலையக் கூடாது. பிள்ளையப் பெத்தவனுக்கு ஆகாது.”

“பெத்தவனுக்கு ஏற்கெனவே ஆகல மாமா. அங்க பாருங்க, அது கேஸு இல்ல, மாரடைப்பு. அதுக்குத்தான் எந்திரிக்கிறேன்.”

“வெறும் வயித்துல டீயக் குடிச்சான், அதான் வாயு புடிச்சிருக்கு. நீங்க ஆஸ்பத்திரிக் கண்ணோடயே எல்லாத்தையும் பாக்காதீக.”

மேளம் நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் முகமெல்லாம் மாறியது. எனக்கு அவர்கள் மனசு தெரிந்தது. இந்த ஆள் மாலை போட வரவில்லை, பெயர் வைக்க வரவில்லை, இன்றைக்கு வந்தும் பாதியில் எழுந்து ஓடப் பார்க்கிறான். தள்ளி நின்ற மணி, தேவைப்பட்டால் உட்கார்ந்துகொள்ளலாம் என்று வேட்டியைச் சரிசெய்தான். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் புருஷனைப் பார்த்தாள், என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எங்கண்ணன் சும்மா சொல்லாது” என்றாள். “சின்ன மாமா, மடிய விட்டுப் பிள்ளைய எறக்கக் கூடாது, அம்புட்டுத்தான? எறக்க வேணாம். அண்ணே, பிள்ளையோட எந்திரி. கார்ல ஏறி உக்காந்தா அதுவும் ஒன் மடிதான். ஆசாரி, நீங்களும் சாமான எடுத்துக்கிட்டு ஏறுங்க.”

சோலைச்சாமி என் தோளிலிருந்து கையை எடுத்தார். ஆசாரி ஏற்கெனவே பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

காருக்குள்

கவிதா வண்டியை எடுத்தாள். முன் சீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆசாரி. பின்னால் ஒரு பக்கம் செல்வி, ஒரு பக்கம் மடியில் குழந்தையோடு நான், நடுவில் மாப்பிள்ளை. அவசரத்துக்கு நான் வண்டியில் வைத்திருக்கிற மாத்திரைகளை எடுத்து, மென்று தின்னச் சொன்னேன்.

“கசக்குதுன்னு ஒங்கண்ணன்ட்டச் சொல்லு” என்றார் செல்வியிடம்.

“வலி தாடைக்கு ஏறுதான்னு கேளும்மா.”

“தாடைக்கு ஏறுதாங்க?”

“ஏறுதுன்னு சொல்லு.”

“ஏறுதாம்ணே.”

என் தோளும் அவர் தோளும் உரசிக்கொண்டிருந்தன. இந்த லட்சணத்தில்தான் நான் அன்றைக்கு வியாதியை விசாரித்தேன். விசாரித்து முடித்தபோது சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவர் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. நாடி சரியில்லை. செல்விக்கு முகத்தைக் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு நான் அப்படிப் பயந்தது அதுதான் முதல் தடவை.

திருச்சுழியைத் தாண்டும்போது ஆசாரி பின்னால் திரும்பி, “சார், ரோடு நல்லாத்தான் இருக்கு. மத்த காதையும் இப்பவே குத்திரவா? நல்ல நேரம் போகுது” என்றார்.

“வேகத்தடையில ஏறுனா காதுக்குப் பதிலாக் கண்ணக் குத்திருவீக. பேசாம உக்காருங்கய்யா” என்று கத்திவிட்டேன். யாழினி மறுபடி அழ ஆரம்பித்தாள்.

குலவை

போனில் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் எங்கள் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் நான் இறங்கிய கோலத்துக்கு யாரும் தயாராக இல்லை. கழுத்தில் மாலை, சட்டையெல்லாம் சந்தனம், கையில் ஒரு காதில் ரத்தப் பொட்டோடு அலறுகிற மொட்டைக் குழந்தை. நர்ஸ் ஜெயா பாய்ந்து வந்து, “ஐயோ, பாப்பாவுக்கு என்ன சார்?” என்று குழந்தையைப் பிடுங்கப் பார்த்தார்.

“பிள்ளையத் தொடாதீக!” என்று செல்வி போட்ட சத்தத்தில் அவர் பின்வாங்கிவிட்டார். “நோயாளி இவுக!”

நோயாளி எங்களுக்குப் பின்னால் தள்ளுவண்டி வேண்டாம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பிடித்துப் படுக்க வைத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நான் குழந்தையை மடியை விட்டு இறக்காமல், கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பணியில் இருந்த இளம் டாக்டர் காகிதத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார். கோடு கீழே இறங்கி வர வேண்டிய இடத்தில் இறங்காமல் தூக்கிக்கொண்டு நின்றது. மாரடைப்பேதான். அதுவும் பெரிசு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை ஏற்றச் சொன்னேன்.

சொல்லி வாயை மூடவில்லை, ஆசாரி இன்னொரு காதைக் குத்திவிட்டார்.

யாழினி போட்ட கூச்சல் வெளி வாசல் வரை கேட்டிருக்கும். அதே நேரத்துக்கு வேனில் பின்னாலேயே வந்து சேர்ந்த சொந்தக்காரப் பெண்கள், காது குத்தியாயிற்று என்று கண்டதும் பழக்கதோஷத்தில் குலவை போட்டுவிட்டார்கள். அவசரப் பிரிவில் குலவை! பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கி, “ஆணா, பொண்ணா?” என்று கேட்டார்.

மருந்தை ஊசி வழியாகச் செலுத்த ஆரம்பித்தோம். சோலைச்சாமி எட்டிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், வந்திருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். “டாக்டரு ஊசி போட்டுட்டாரு. இனிக் கவலையில்ல.” எம்.டி. முடித்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கள் சாதிசனம் என்னை டாக்டராக ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

முருகேசன் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். செல்வியும் கவிதாவும் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்களிடம் சொல்லாமல், நேராக என்னிடமே கேட்டார்.

“மச்சான், நெசமாவே கேஸு இல்லையா?”

“இல்ல மாப்ள.”

“செல்வி பாவம், மச்சான்” என்றார். கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. நான் துண்டால் துடைத்துவிட்டேன்.

வெளியே உட்காருங்க

அடைப்பை எடுக்க மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். யாழினியைக் கவிதா வைத்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் நானும் செல்வியும் போனோம். வழியில் ஒரு தடவை மாப்பிள்ளையின் நாடி தடுமாறி, அப்புறம் சரியானது. அங்கே இறங்கியதும் தள்ளுவண்டியோடு வேகமாக உள்ளே போனார்கள். நானும் கூடவே போனேன். கதவில் நின்ற காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

“கூட வந்தவங்க எல்லாம் வெளியே உட்காருங்க.”

“நான் டாக்டருங்க.”

அவர் என் மாலையைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், சந்தனம் காய்ந்து உதிர்கிற சட்டையைப் பார்த்தார். “எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க” என்று கதவைச் சாத்தினார்.

இப்படிப்பட்ட கதவுக்கு உள்ளே நின்று எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன். வெளிப்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. பெஞ்சுகள் நிறைந்திருந்தன. தூக்குவாளியும் தலையணையுமாகத் தரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். செல்வி ஒரு தூணோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். எனக்கு உட்கார மனசு வரவில்லை. கதவுக்கும் தூணுக்கும் நடையாக நடந்தேன். உள்ளே என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். எது எது தவறிப் போகும் என்பதும் தெரியும். தெரிந்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சாயங்கால வெயில் தூண் வரைக்கும் வந்தபோது கதவு திறந்தது. ஓர் இளம் டாக்டர் வந்து, “முருகேசனுக்கு யாரு வந்திருக்கீங்க?” என்றார். ஓடினேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்து, என்ன மருந்து, எந்த நேரம், ஈ.சி.ஜி.யில் என்ன என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் மரியாதையாக, “சார், நீங்க டாக்டரா?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலேயே வந்த செல்வி முந்திக்கொண்டாள். “அருப்புக்கோட்டைல டாக்டரு. இங்க எங்க அண்ணன். தம்பி, எனக்கும் வெளங்குற மாதிரி தமிழ்லயே சொல்லுங்க.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். “அடைப்பை எடுத்தாச்சும்மா. இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு. இப்போதைக்கு ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாது. பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நல்ல பையன். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அந்த வாக்கியத்தை அதே குரலில், அதே முகத்தோடு நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குக் கேட்டுக்கொண்டு நின்றபோது ஒன்றுமே விளங்கவில்லை.

செல்வி என் கையைப் பிடித்தாள்.

“அண்ணே, அப்படின்னா என்னண்ணே? அவுக வந்துருவாகளா?”

எத்தனையோ பதில்கள் இருந்தன.

“தெரியலம்மா” என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

அவள் முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்தாள், அப்புறம் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூணோரம் போய் உட்கார்ந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துத் தரையைக் கையால் தட்டினாள்.

“தெரியலைன்னா நடந்துக்கிட்டே இருந்து என்ன செய்யப் போற? வா, இங்கன உக்காரு. ரெண்டு பேரும் உக்காந்திருப்போம்.”